வீட்டிலும் விழாவிலும் அங்கி: அளவு, கட்டு, நடை

ஆசையாக ஒரு அங்கி வாங்கி, நான்கு நாள் போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியின் கடைசிக் கொக்கியில் மாட்டி வைத்தவர்கள் நிறைய பேர். கேட்டால் சொல்லும் காரணம் மூன்றுதான். நடந்தால் முன்பக்கம் விலகுகிறது, கட்டு தளர்ந்துவிடுகிறது, படியேறும்போது கால் தடுக்குகிறது. மூன்றையுமே சரிசெய்துவிடலாம், அதுவும் பெரிய தையல் ஞானம் எதுவும் இல்லாமல். ஆனால் அதற்கு முன் ஒன்று. சட்டையும் பேன்ட்டும் உடம்பின் வளைவுக்கு ஏற்ப வெட்டித் தைத்தவை. மாட்டினால் போதும், தானாக நிற்கும். அங்கி தோளில் தொங்கி இடுப்புக் கட்டில் நிற்கிற உடை. சட்டைக்குத் தையல்காரர் முடித்துக் கொடுத்துவிடுகிற வேலையில் பாதியை அங்கிக்கு நாம்தான் செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவை அணியும்போதும்.

அங்கி என்று இங்கே நான் சொல்வதில் மூன்று வகை உண்டு. முன்பக்கம் திறந்திருக்க, ஒரு மடலின் மேல் இன்னொன்றைப் போர்த்திக் கட்டுவது ஒன்று: ஜப்பானின் கிமோனோ, மங்கோலியாவின் தேல், பூட்டானின் கோ, குளித்துவிட்டுப் போடும் பாத்ரோப் எல்லாம் இதில் வரும். தலைவழியாக மாட்டும் தொளதொள உடை இரண்டாவது; மொராக்கோவின் ஜெல்லாபா, நைஜீரியாவின் அக்பாடா. வேறொரு உடைக்கு மேல் போர்த்திக்கொள்வது மூன்றாவது. பட்டமளிப்பு கவுன், அரபு நாடுகளின் பிஷ்த். அதிகம் சொல்லப்போவது முதல் வகையைப் பற்றி, ஏனென்றால் கஷ்டமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கைக்கு என்ன வேலை?

அன்றாடத்துக்கு எது, விழாவுக்கு எது என்பதைப் பெரும்பாலும் துணியின் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பேன் நான். அதைப் போட்டுக்கொண்டு உங்கள் இரண்டு கையும் சுதந்திரமாக வேலை செய்ய முடிந்தால் அது அன்றாட அங்கி. ஒரு கையாவது அங்கியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் அது விழா அங்கி.

அக்பாடாவைப் பாருங்கள். அதன் கைகள் விரல் நுனியையும் தாண்டி விழும். அதனால் அணிந்தவர் அடிக்கடி துணியை அள்ளித் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். அப்படி அள்ளிப் போடுவதே அந்த உடையின் அழகு. பிஷ்த்தும் அப்படித்தான், உள்ளே ஒரு நீள வெள்ளை உடை, அதன் மேல் பொன் ஜரிகை விளிம்போடு இந்த மெல்லிய போர்வை. நடக்கும்போது ஒரு பக்கத்தைக் கையால் பிடித்துக்கொள்வார்கள். 2022 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி முடிந்ததும் கத்தாரின் அமீர் மெஸ்ஸிக்குப் போர்த்திவிட்ட கறுப்பு அங்கி இதுதான். இப்படிப்பட்ட உடைகளைப் போட்டுக்கொண்டு யாராலும் அவசரப்பட முடியாது. விழா அங்கி ஆளை மெதுவாக்குகிறது, மெதுவாக்குவதற்காகவே அப்படி வெட்டப்பட்டிருக்கிறது. இது தெரியாமல் "கை ரொம்ப நீளமா இருக்கே" என்று வெட்டிக் குறைத்துவிட்டால் அந்த உடையின் உயிரே போய்விடும்.

இதற்கு நேர் எதிர் தேல். வலப்பக்கமாகப் பொத்தானிட்டு, சில மீட்டர் நீளமுள்ள துணியை இடுப்பில் இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். கட்டுக்கு மேலே மார்புப் பக்கம் தொங்கும் துணி பெரிய பையாகிவிடும். கோவும் அதேபோல, அங்கியை முழங்கால் வரை தூக்கி கேரா என்ற பட்டையால் கட்டியதும் வயிற்றுக்கு மேலே ஒரு பை உருவாகிறது, அதில் பணப்பை முதல் போன் வரை எல்லாம் போகும். விழாவுக்கு வேறு உடை வேண்டாமா என்றால், அதே கோவின் மேல் கப்னே என்னும் நீளத் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டின் நிறம் அணிபவரின் நிலையைச் சொல்லும்; பொதுமக்களுக்கு வெள்ளை.

ஆக, ஒரே அங்கியை இரண்டுக்கும் பயன்படுத்த நினைத்தால் வெட்டு எளிமையான, ஒரே நிறத் துணியில் ஒன்றை வைத்துக்கொண்டு மேலே போடுவதை மாற்றுங்கள். பௌத்தத் துறவிகளின் சீவரம் இதற்கு நல்ல பாடம். அவர்களிடம் இருப்பது கீழாடை, மேலாடை, இரட்டை மடிப்புப் போர்வை என மூன்றே துணிகள். தேரவாத மரபில் மடாலயத்துக்குள் வலத்தோள் திறந்திருக்கும், வெளியே போகும்போது அதே மேலாடை இரண்டு தோளையும் மூடும். சடங்கு நேரத்தில் போர்வை மடிந்து இடத்தோளில் ஏறும். துணி மாறவே இல்லை.

அளவு எடுப்பது

கடையில் எஸ், எம், எல் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் உடம்பில் எங்கே அதிகச் சுற்றளவு என்று பாருங்கள், பலருக்கு அது இடுப்புக்குக் கீழே, உட்காரும் இடத்தில் இருக்கும். அது 100 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அங்கியை விரித்துப் போட்டால் ஒரு முன்விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை 145 முதல் 150 செ.மீ. இருக்க வேண்டும். சுமார் 30 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கு, மீதி தாராளத்துக்கு. நடந்தால் முன்பக்கம் விலகுகிறது என்று புலம்புகிறவர்களின் அங்கியை அளந்தால் அநேகமாக இந்த இடத்தில்தான் துணி போதாமல் இருக்கும். 120 செ.மீ. அங்கியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உட்கார்ந்ததும் திறக்கத்தான் செய்யும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இரண்டு முன்விளிம்பிலும் ஒரு சாண் அகலத்துக்கு வேறு நிறத் துணியில் பட்டை வைத்துத் தைத்துவிடலாம், பார்க்கவும் வேண்டுமென்றே செய்தது போல அழகாக இருக்கும்.

நீளத்தை செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். வீட்டு அங்கி கெண்டைக்காலின் நடுவில் நிற்கட்டும். விழா அங்கி கணுக்கால் வரை வரலாம், ஆனால் தரையைத் தொடக் கூடாது. அளக்கும்போது கட்டைக் கட்டிக்கொண்டு அளங்கள், ஏனென்றால் கட்டியதும் துணி இரண்டு மூன்று செ.மீ. மேலே ஏறிவிடும்.

நீங்களே தைப்பதானால், 150 செ.மீ. அகலத் துணியில் 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 3 முதல் 3.5 மீட்டர் போதும். கட்டுப் பட்டைக்கும் சேர்த்துத்தான். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்து விடுங்கள், சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடட்டும். பட்டையின் நீளம் இடுப்புச் சுற்றளவோடு 90 செ.மீ., அகலம் 4 அல்லது 5 செ.மீ. வழவழப்பான துணியில் பட்டை தைக்காதீர்கள். அங்கி சாட்டினாக இருந்தாலும் பட்டை கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும். சாட்டின் முடிச்சு பத்து நிமிடம்கூட நிற்காது.

அக்குள் பகுதியில் கஞ்சத்தனம் வேண்டாம். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், அங்கி மொத்தமும் கூடவே மேலே வந்தால் அக்குள் இறுக்கம் என்று அர்த்தம். அங்கே உள்ளங்கை அளவில் ஒரு சதுரத் துண்டைச் சேர்த்துத் தைத்தால் சரியாகிவிடும்.

துணி எடை பற்றிச் சுருக்கமாக. வெயில் காலத்துக்கு 120 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பருத்தி, குளித்துவிட்டுப் போட 350க்கு மேல் உள்ள டெரி டவல் துணி அல்லது சீக்கிரம் காய வேண்டுமென்றால் கட்டம் கட்டமாக நெய்த வாஃபிள். ஜப்பானில் யுகாத்தா என்று உள்ளே லைனிங் இல்லாத பருத்திக் கிமோனோ உண்டு, அது குளியலோடு சேர்ந்து வந்த உடைதான். இன்று கோடை விழாக்களுக்கும் அதையே உடுத்திக்கொண்டு போகிறார்கள்.

கட்டுவது

இதைக் கண்ணாடி முன் நின்று இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள், பிறகு கை தானாகச் செய்யும்.

அங்கியைத் தோளில் போட்டதும் முதலில் முதுகைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு முன்விளிம்பையும் மார்புக்கு நேராகச் சேர்த்துப் பிடித்து லேசாக முன்னால் இழுங்கள், முதுகின் நடுத் தையல் முதுகெலும்பின் மேல் வந்து உட்காரும். இதை விட்டுவிட்டுக் கட்டினால் நாள் முழுக்க ஒரு பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும். அப்புறம் வலது மடலை இடது இடுப்பெலும்பு வரை கொண்டு போங்கள், அதன் கீழ் நுனியை மட்டும் இரண்டு விரல் அளவு மேலே தூக்கிப் பிடியுங்கள். உள்ளே நாடா இருந்தால் இப்போது கட்ட வேண்டும். பலர் அந்த நாடாவைக் கவனிப்பதே இல்லை, முன்பக்கம் விலகாமல் பிடித்திருப்பது வெளியே தெரியும் பட்டையைவிட அதுதான். இல்லையென்றால் இரண்டு துண்டு நாடாவை நீங்களே தைத்துவிடுங்கள், கால் மணி நேர வேலை. பிறகு இடது மடலை மேலே போர்த்தி, அதன் நுனியையும் கொஞ்சம் தூக்கிவிட்டு, பட்டையைச் சுற்றுங்கள். நுனிகளைத் தூக்கிவிட்டால் அங்கி கீழே போகப் போகக் குறுகி விழும், காலில் சிக்காது.

இடது மேலே, வலது உள்ளே. கிமோனோவுக்கு இதில் மாற்றமே கிடையாது, ஏனென்றால் ஜப்பானில் வலது மடலை மேலே போர்த்துவது இறந்தவர்களுக்கு மட்டும். சீனாவின் பழைய ஹன்ஃபூ உடையிலும் இடதுதான் மேலே வரும். குவான் சோங் என்ற பழைய சீன அமைச்சர் இல்லாமல் போயிருந்தால் நாம் தலைவிரி கோலமாக, வலது மடல் மேலே வந்து இடப்பக்கம் முடிந்த ஆடையோடு இருந்திருப்போம் என்று கன்ஃபூசியஸ் சொன்னதாகவே இருக்கிறது. அதாவது எந்தப் பக்கம் மூடுகிறோம் என்பதே நாகரிகத்தின் அடையாளமாக இருந்தது. பாத்ரோப்புக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் இடவலம் மாறித் தெரியலாம், அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் தவறாகத்தான் கட்டுவீர்கள். எப்போதும் உங்கள் வலது கையை மனதில் வையுங்கள்: மார்பில் இரண்டு மடல்களும் சேரும் இடத்தில் வலது கை சுலபமாக உள்ளே நுழைந்தால் கட்டு சரி.

பட்டை வயிற்றின் நடுவில் வேண்டாம், மூச்சு விட்டாலே நகரும். இடுப்பெலும்புக்குச் சற்று மேலே வையுங்கள். ஒரு சுற்றுச் சுற்றி முதல் முடிச்சை இறுக்கிப் போட்டு, இரண்டாவது முடிச்சை முதலாவதற்கு எதிர்ப்பக்கமாகப் போடுங்கள். வலது நுனி முதலில் மேலே போயிருந்தால் இப்போது இடது நுனி மேலே போக வேண்டும். ஒரே பக்கமாக இரண்டு தடவை போட்டால் முடிச்சு செங்குத்தாகத் திரும்பி நின்று தளர்ந்துவிடும்.

கடைசியாக, இரண்டு கட்டைவிரலையும் பட்டைக்குள் முன்புறம் நுழைத்து, பக்கவாட்டில் விலா வரை இழுத்துக்கொண்டே போங்கள். வயிற்றின் மேல் கசங்கிக் கிடக்கும் மடிப்பெல்லாம் பக்கத்துக்குப் போய்விடும். அதையே முதுகுப் பக்கமும் செய்யுங்கள். பத்து விநாடிகூட ஆகாது, ஆனால் படுக்கையிலிருந்து எழுந்து வந்தது போல இருந்த அங்கி இதற்குப் பிறகு உடையாகத் தெரியும்.

அடுப்பு, படி, நாற்காலி

அகலக் கையுள்ள அங்கியோடு அடுப்புப் பக்கம் போகவே போகாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கை கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே இருக்கும்போது தொங்கும் துணி எங்கே இருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, டெரியும் பஞ்சுபோன்ற ஃபிளீஸும் தீப்பிடித்தால் நொடியில் பரவும். போயே ஆக வேண்டுமென்றால் ஜப்பானியர்களின் தசுகி முறை இருக்கிறது: இரண்டரை மீட்டர் போல ஒரு நாடாவை எடுத்து, ஒரு நுனியை வாயில் கவ்விக்கொண்டு, மீதியை இடது அக்குளின் அடியாகக் கொடுத்து முதுகுப் பக்கமாக வலது தோளுக்கு மேலே கொண்டு வந்து, வலது அக்குளின் அடியாக மறுபடி முதுகுக்கு விட்டு, இடது தோள் வழியாக முன்னால் இழுத்து வாயிலிருக்கும் நுனியோடு முடிய வேண்டும். முதுகில் நாடா பெருக்கல் குறிபோல விழும், கைத் துணி இரண்டும் சுருண்டு முழங்கைக்கு மேலே நின்றுவிடும். முதல் தடவை குழப்பும். நான்காவது தடவை கண்ணை மூடிக்கொண்டு செய்வீர்கள்.

படியில் பெரும்பாலோர் ஏறும்போது மட்டும் முன்பக்கத்தைத் தூக்குகிறார்கள், இறங்கும்போது பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரு பட்டமளிப்பு விழாவில் மேடையிலிருந்து இறங்கும்போது கவுனின் பின் விளிம்பு எனக்குப் பின்னால் மேல் படியிலேயே கிடந்தது, அடுத்து வந்தவர் அதன் மேல் காலை வைத்துவிட்டார். கழுத்தை யாரோ பின்னாலிருந்து இழுத்தது போல ஒரு வெட்டு வெட்டியது; கைப்பிடிக் கம்பி இருந்ததால் விழவில்லை. அன்றிலிருந்து இறங்கும்போது வலது கையைப் பின்னால் கொண்டு போய்த் துணியை ஒரு பிடி சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன். தொடைக்கு நேராகப் பிடித்தால் போதும், அள்ளிச் சுருட்ட வேண்டாம்.

உட்காரும்போது பின்பக்கத் துணியை ஒரு கையால் நீவிவிட்டு உட்காருங்கள், எழுந்ததும் கட்டுக்குக் கீழே பின்னால் ஒரு இழுப்பு. கதவுக் கைப்பிடியில் அங்கிக் கை மாட்டுவது எல்லோருக்கும் நடக்கும், கதவைத் திறக்கும் கையின் துணியை மறு கையால் பிடித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

வாடகைக்கு எடுத்த கவுன்

விழா அங்கியை வாடகைக்கு எடுப்பது புதிய வழக்கம் அல்ல. லண்டனில் நாட்குறிப்பு எழுதிப் பெயர்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1666இல் தன் உருவப்படம் வரைவதற்காக ஒரு 'இந்திய' கவுனை வாடகைக்குத்தான் எடுத்தார். கிமோனோவின் சாயலில் ஐரோப்பிய ஆண்கள் வீட்டில் போட்டுக்கொண்ட அந்த வகை அங்கிக்கு பிறகு பன்யன் என்று பெயர் வந்தது. வணிகர்களைக் குறித்த சொல் அது. இன்று நாம் உள்ளே போடும் பனியனும் அதே சொல்தான், ஒரு கணுக்கால் அங்கி இவ்வளவு சுருங்கிப் போனதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீர்வதே இல்லை.

சரி, பட்டமளிப்பு கவுனுக்கு வருவோம். பெரும்பாலும் பாலியெஸ்டர், உறையில் மடிந்தே வரும். முதல் நாளே எடுத்துத் தொங்கவிடுங்கள். சுடுநீர் ஆவி நிறைந்த குளியலறையில் அரை மணி நேரம் மாட்டி வைத்தால் பாதிச் சுருக்கம் போய்விடும், மீதிக்கு உள்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு, குறைந்த சூட்டில் தேயுங்கள். நேரடியாக வைத்தால் பளபளவென்று ஒரு தழும்பு விழும், அது போகவே போகாது.

கழுத்தில் போடும் ஹூட் பின்னால் சரிந்து தொண்டையை அழுத்துவதுதான் எல்லோருக்கும் வரும் தொல்லை. முன்பக்கம் அதன் நுனியில் ஒரு சிறு வளையம் இருக்கும், அதைச் சட்டைப் பொத்தானில் மாட்ட வேண்டும். பொத்தானில்லாத உடை என்றால் உட்பக்கமாக ஒரு ஊக்கு. தோள் இரண்டிலும் கவுனோடு சேர்த்து ஒவ்வொரு ஊக்குக் குத்திவிட்டால் விழா முடியும்வரை கையே வைக்க வேண்டியதில்லை. வாங்கும்போதே கையின் வடிவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1895இல் வகுத்த விதிப்படி இளங்கலைக்குக் கூர்முனைக் கை, முதுகலைக்கு நீண்டு தொங்கும் மூடிய கை, முனைவருக்கு மணி வடிவக் கையும் அதில் மூன்று வெல்வெட் பட்டைகளும். பெட்டி மாறி வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

துவைப்பதும் எடுத்து வைப்பதும்

டெரி அங்கியை ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டு அலசாதீர்கள். மென்மையாகத்தான் இருக்கும், ஆனால் நூலின் மேல் ஒரு படலம் படிந்து தண்ணீரை உறிஞ்சாது, பிறகு எதற்கு அந்த அங்கி. பட்டையை அங்கியோடு சேர்த்துத் துவைக்கும்போது வளையத்திலிருந்து உருவி, தனியாக ஒரு வலைப்பையில் போடுங்கள், இல்லையென்றால் வாஷிங் மெஷினில் முறுக்கிக் கயிறாகிவிடும்.

பட்டு அங்கியை வீட்டில் நனைக்க வேண்டாம். கிமோனோவை அந்தக் காலத்தில் துவைத்த விதம் தெரிந்தால் இந்த உடையின் மேல் மரியாதை கூடும்: தையலையெல்லாம் பிரித்து, நேர்நேர் துண்டுகளாக்கி, அலசி, விரித்துக் காயவைத்து, மறுபடி சேர்த்துத் தைப்பார்கள். 36 செ.மீ. அளவே அகலமுள்ள ஒரு நீளத் துணியை வளைவே இல்லாமல் வெட்டியிருப்பதால்தான் அது முடிகிறது. உங்கள் அங்கி அப்படியில்லை. அதனால் வியர்வை படும் கழுத்துப்பட்டைக்கு மேல் ஒரு மெல்லிய பருத்திப் பட்டையைத் தளர்வாகத் தைத்து வைத்து, அதை மட்டும் கழற்றித் துவைக்கலாம்.

அணிந்து முடித்த உடனே அலமாரிக்குள் வைக்காதீர்கள். ஒரு இரவு காற்றோட்டமாகத் தொங்கட்டும், வெயிலில் வேண்டாம். ஹேங்கர் தடிமனாக, தோள் அகலத்துக்கு இருக்க வேண்டும். கம்பி ஹேங்கர் என்றால் தோளில் இரண்டு கொம்பு முளைத்துவிடும். கனமான ஜரிகை உள்ளதைத் தொங்கவிடக் கூடாது, அதன் எடையே தோள் தையலை இழுத்துவிடும். மடித்து, பழைய பருத்தி வேட்டியிலோ மல் துணியிலோ சுற்றி வையுங்கள், பாச்சை உருண்டை ஜரிகையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, போன தடவை மடித்த கோட்டில் மடிக்காமல் ஒரு விரல் தள்ளி மடியுங்கள். பட்டையையும் உள் நாடாவையும் இரண்டு ஊக்கையும் அந்த மடிப்புக்குள்ளேயே சேர்த்து வைத்துவிடுங்கள், விழா நாளன்று காலையில் தேட வேண்டியிருக்காது.